ஸ்லீவ் அறுவைசிகிச்சைக்குப் பின் சைவ உணவில் புரதம்: ஆறாவது வாரத்தில் சில ஐயங்கள்

கேள்வி: காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41, ஊர் ஸ்ரீரங்கம். உடல் எடையும் சர்க்கரை நோயும் சேர்ந்து படுத்தியதால், மருத்துவரின் அறிவுரைப்படி ஸ்லீவ் முறையில் இரைப்பையைக் குறைக்கும் அறுவைசிகிச்சை செய்துகொண்டு, இப்போது ஆறாவது வாரத்தில் இருக்கிறேன். தழும்புகள் ஆறிவிட்டன, காலையும் மாலையும் நடக்கிறேன், சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். என் கவலையெல்லாம் சாப்பாட்டைப் பற்றியதுதான்.

மருத்துவமனையில் கொடுத்த உணவு அட்டவணையில் பக்கத்துக்குப் பக்கம் முட்டை வெள்ளைக்கரு, கோழி சூப், வேகவைத்த மீன் என்றே இருக்கிறது. நாங்கள் சைவம், முட்டையும் வீட்டுக்குள் வருவதில்லை. நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது கட்டாயம் வேண்டும் என்கிறார்கள்; புரோட்டீன் பவுடரைக் கரைத்துக் குடித்தாலோ அதன் தித்திப்பும் வாசனையும் குமட்டுகின்றன. கேழ்வரகுக் கஞ்சியும் சத்துமாவுக் கஞ்சியும் குடித்து வருகிறேன். அவை போதுமா?

இந்த வாரம் குழைத்த ரசம் சாதம் சாப்பிடத் தொடங்கினேன். நாலைந்து ஸ்பூன் உள்ளே போனதும் நெஞ்சுக்குழியில் கல்லை வைத்ததுபோல அடைத்துக்கொண்டு, வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறி, வாந்தியாகிவிடுகிறது. நாள் தவறாமல் ஒரு முறையாவது இப்படி நடக்கிறது. உடம்பு பழகும் வரை அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது என்றால் ஒன்றரை லிட்டர் தண்ணீரை எப்போதுதான் குடிப்பது என்பதும் புரியவில்லை. அடுத்த மாதம் தங்கை மகளின் திருமணம் வேறு வருகிறது. பந்தியில் உட்காராமல் இருக்க முடியாது. அனுபவப்பட்டவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: மலர்விழி, நெல்லை

சகோதரிக்கு வணக்கம். அறுவைசிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். மற்ற ஐயங்களுக்கெல்லாம் பிறகு பதில் தேடிக்கொள்ளலாம். அந்த வாந்தியை மட்டும் "பழகிவிடும்" என்று விட்டுவிடாமல், நாளைக்கே உங்கள் அறுவைசிகிச்சை நிபுணரிடம் தெரிவித்துவிடுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தயமின் எனப்படும் வைட்டமின் பி1 நம் உடம்பில் இரண்டு மூன்று வாரங்களுக்குத் தாங்கும் அளவுக்கே சேமிப்பில் இருக்கும். சாப்பாடு ஏற்கெனவே குறைந்துவிட்ட நிலையில் வாந்தியும் தொடர்ந்தால், அந்தச் சேமிப்பு விரைவாகத் தீர்ந்துபோய் நரம்புகளையும் மூளையையும் பாதிக்கத் தொடங்கும். கால் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம், பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, பேச்சிலோ நினைவிலோ குழப்பம் ஆகியவற்றுள் எது வந்தாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. வாந்தியால் சோர்ந்து பக்கத்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே உங்களுக்கு நடந்த அறுவைசிகிச்சையைச் சொல்லித் தயமின் ஊசியைப் பற்றிக் கேளுங்கள். தயமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் நிலைமை மோசமாகக்கூடும். உடன் வருபவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

கெட்டியான உணவு மட்டும் அடைக்கிறதா, தண்ணீரும் நிற்காமல் திரும்பிவிடுகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். தண்ணீரே இறங்கவில்லை என்றால் குழாய்போல் ஆக்கப்பட்ட இரைப்பை ஓரிடத்தில் குறுகியிருக்கலாம். எண்டோஸ்கோப்பியில் பார்த்து, பெரும்பாலும் பலூன் வைத்தே அதை விரித்துவிடுவார்கள். காய்ச்சல், படபடவென்ற நாடித்துடிப்பு, மூச்சுத்திணறல், இடது தோள்பட்டை வரை பரவும் வயிற்றுவலி இருந்தால், தையல் போட்ட இடத்தில் கசிவு இருக்கக்கூடும் என்பதால் இரவென்றும் பாராமல் புறப்பட்டுவிடுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: தலைவலி, மூட்டுவலி என்று கடையில் கேட்டு வாங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் புண்ணை உண்டாக்கக்கூடியவை; மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொட வேண்டாம்.

பதில்: உணவியல் வசந்தி, சென்னை

மலர்விழி அவர்கள் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து மற்றதைப் படியுங்கள்.

மருத்துவமனை உணவியல் பிரிவில் சைவக் குடும்பங்களிலிருந்து வருபவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்கள் கையில் கோழி சூப் எழுதிய அட்டவணையைக் கொடுத்து அனுப்புவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தரும் விஷயம். அட்டவணை உங்கள் சமையலறைக்குப் பொருந்தவில்லை என்றால் மாற்றித் தரும்படி கேட்பது உங்கள் உரிமை.

கஞ்சியிலிருந்து தொடங்குகிறேன். கேழ்வரகில் கால்சியம் உண்டு, சத்துமாவும் நல்ல பொருள்தான். ஆனால் இரண்டிலும் பெரும்பகுதி மாவுச்சத்து. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் எடுத்துவிடுவதால், எஞ்சியிருக்கும் குழாயில் 100 முதல் 150 மி.லி. வரைதான் கொள்ளும். அந்தச் சிறு இடத்தைக் கஞ்சி நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடமில்லாமல் போய்விடும். புரதம் குறைந்தால், எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரையும். ஆகவே எந்த வேளையிலும் முதல் கவளம் புரதமாக இருக்கட்டும். அதற்குப் பிறகு மசித்த காய். அதற்கும் பிறகு இடமிருந்தால் சாதமோ இட்லியோ. ஓர் இட்லியில் கிடைக்கும் புரதம் ஏறக்குறைய 2 கிராம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அதற்கு ஏன் கடைசி இடம் என்பது விளங்கும்.

முட்டை இல்லாமல் 60 கிராம் எப்படி வரும் என்று ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பால் நாள் முழுவதற்குமாக 300 மி.லி. என்றால் 10 கிராம். நல்ல தயிரை மெல்லிய துணியில் கட்டி, பாத்திரத்தின் மேல் தொங்கவிட்டு, இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் நீர் வடிந்து கெட்டியாகிவிடும்; அதில் 100 கிராம் சாப்பிட்டால் 7 கிராம் வரை கிடைக்கும். பனீரை உதிர்த்து, வெதுவெதுப்பான பாலில் மசித்து, சீரகத்தூளும் உப்பும் சேர்த்து 50 கிராம் எடுத்துக்கொண்டால் 9 கிராம். குழைய வேகவைத்து மசித்த கெட்டிப் பாசிப்பருப்பு 100 கிராமில் 7 கிராம். இதையெல்லாம் ஒரே வேளையில் முடிக்க முடியாது. ஐந்தாறு வேளையாகப் பிரித்தாலும் மொத்தம் 33 கிராம்தான் ஆகிறது. எஞ்சியதைப் பவுடர் இல்லாமல் இந்த மாதத்தில் ஈடுசெய்வது மிகவும் கடினம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் உள்ள பவுடர் ஒன்றை வாங்கி, அரை ஸ்கூப்பாக இரண்டு வேளை எடுத்தால் 57-ஐத் தொட்டுவிடலாம். பாலில் மூன்று தேக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கலந்துவிட்டால் மீதியும் சரியாகிவிடும்.

குமட்டலுக்கு வழி இருக்கிறது. வெனிலாவும் சாக்லேட்டும் வேண்டாம். சுவையோ இனிப்போ சேர்க்காத வே புரோட்டீன் (பால் திரியும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்) கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். அதை ஆறிய மோரில் கரைத்து உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலைச் சாறு சேர்த்தால் நீர்மோராகவே இறங்கும். மசித்த பருப்பில் சேர்ப்பதாக இருந்தால் அடுப்பிலிருந்து இறக்கிக் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு கலக்குங்கள். கொதிக்கும்போது போட்டால் திரிந்து கட்டி கட்டியாகிவிடும்.

ரசம் சாதம் அடைப்பதில் வியப்பில்லை. குழைந்த சாதத்தை நாம் மெல்லுவதே இல்லை, அப்படியே விழுங்கிவிடுவோம். அது குறுகலான இரைப்பையில் பசைபோல் சேர்ந்து நிற்கும். சாதத்தை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, மசித்த பருப்புக்கும் தயிருக்கும் திரும்பிச் செல்லுங்கள். தேக்கரண்டியால் எடுத்து, நன்றாக மென்று விழுங்கி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ஒரு வேளைக்கு இருபது முப்பது நிமிடம் ஆகட்டும். நெஞ்சில் லேசாக அழுத்தம் தெரிந்தாலோ திடீரென்று விக்கல் வந்தாலோ அங்கேயே நிறுத்த வேண்டும்.

தண்ணீரை டம்ளர் கணக்கில் நினைப்பதால்தான் மலைப்பாக இருக்கிறது. பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, விழித்திருக்கும் நேரமெல்லாம் வாய் வாயாக உறிஞ்சுங்கள். சாப்பிடும்போதும் சாப்பிட்ட பின் அரை மணி நேரமும் மட்டும் ஓய்வு. நீர்மோரும் தெளிந்த ரசமும் உப்பிட்ட பருப்புத் தண்ணீரும் இந்தக் கணக்கில் சேரும். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு பெரும்பாலும் வெட்டி எடுத்த பகுதியில்தான் சுரந்துகொண்டிருந்தது. ஆகையால் சில மாதங்களுக்குப் பசியே தோன்றாமல் போகலாம். கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.

வைட்டமின், தாதுச்சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுவதற்கும் உரியவை. சைவ உணவினரிடம் பி12 ஏற்கெனவே குறைவாக இருப்பதுண்டு. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவராக இருந்தால் இன்னும் குறையும். அதோடு இந்த அறுவைசிகிச்சையும் சேர்ந்துவிட்டதால், மாத்திரையா மாதாந்திர ஊசியா என்பதை இரத்தப் பரிசோதனையைப் பார்த்து முடிவுசெய்யச் சொல்லுங்கள். கால்சியத்தில் சிட்ரேட் வகையைக் கேளுங்கள். அது செரிக்க அமிலம் அதிகம் தேவைப்படாது. இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டலாம், அது பெரும்பாலும் தானாகவே நின்று மீண்டும் வளரும். அப்போது பயந்துபோய்ப் புதுப்புது மாத்திரைகளை வாங்காமல் புரதத்தையும் இரும்புச்சத்தையும் சரிபாருங்கள்.

பதில்: கோவை சுந்தர்

அம்மா, நான் இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் பைபாஸ் முறையில் அறுவைசிகிச்சை செய்துகொண்டு சில ஆண்டுகள் ஆகின்றன. உணவைப் பற்றி வசந்தி அம்மையார் விளக்கமாகச் சொல்லிவிட்டார். நான் திருமணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பசியோடு மண்டபத்துக்குப் போகாதீர்கள். வீட்டிலேயே பனீரோ தயிரோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். இலையின் முன் உட்கார்ந்தால் பரிமாறுபவர் கை நிற்காது, வைத்ததை மீதம் வைத்து எழவும் நமக்கு மனம் வராது. பக்கத்தில் இருப்பவர் வேறு "இன்னும் ஒரு வாய்" என்பார். ஆகவே முதல் பந்தியைத் தவிர்த்துவிட்டு, கூட்டம் குறைந்ததும் ஒரு சிறிய தட்டில் பருப்பும் கூட்டும் தயிரும் மட்டும் கேட்டு வாங்கி, உறவினர்களோடு பேசிக்கொண்டே நிதானமாகச் சாப்பிடுங்கள். யாரும் குறையாக நினைப்பதில்லை. வயிற்றில் அறுவைசிகிச்சை நடந்திருக்கிறது, மருத்துவர் அளவு சொல்லியிருக்கிறார் என்று தங்கையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், உபசரிப்பவர்களிடம் அவரே எடுத்துச் சொல்லிக்கொள்வார். உங்கள் உடம்பைக் குறித்து ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர் நீங்கள்.

பாயசத்தையும் ஜாங்கிரியையும் தொடாமல் இருப்பது நல்லது. என்னைப்போல் பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு வேகமாகச் சிறுகுடலில் இறங்கி, அரை மணி நேரத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றைப் பிசைவது, வயிற்றுப்போக்கு என்று ஆளைச் சாய்த்துவிடும். டம்பிங் என்கிறார்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்கு இது குறைவு என்றாலும் வராது என்று சொல்வதற்கில்லை. பன்னீர் சோடா, கலர் வகைகளும் வேண்டாம். வாயு புடைத்து வலிக்கும்.

கேள்வி கேட்டவர்: காவிரிக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மலர்விழி அவர்களின் பதிலைப் படித்த மறுநாளே மருத்துவரைப் பார்த்தேன். எண்டோஸ்கோப்பியில் குறுக்கம் எதுவும் இல்லை. தயமின் ஊசி போட்டு, பத்து நாளைக்கு மசித்த உணவுக்கே திரும்பச் சொல்லிவிட்டார்கள். சாதத்தை நிறுத்தியதிலிருந்து வாந்தி இல்லை. சுவையில்லாத பவுடரை மோரில் கரைத்துக் குடிக்கிறேன், குமட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: காலையில் டிகிரி காபி குடிக்கலாமா? அது இல்லாமல் தலைவலி வந்துவிடுகிறது.

பதில்: உணவியல் வசந்தி, சென்னை

நல்ல செய்தி, மிக்க மகிழ்ச்சி. ஸ்லீவ் செய்தவர்களுக்கு எதுக்களிப்பும் நெஞ்செரிச்சலும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் உங்கள் மருத்துவரின் ஒப்புதலோடு தொடங்குங்கள். அவர் சரி என்றால், சர்க்கரை இல்லாமல், டிகாஷன் குறைத்து, அரை டம்ளர் போதும். வெறும் வயிற்றில் வேண்டாம். காலைப் புரதம் முடிந்து அரை மணி கழித்துக் குடியுங்கள். காபியும் தேநீரும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஆகையால் அந்த மாத்திரையை மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கால்சியத்தைக் காலையிலும் மதியத்திலும் வைத்துக்கொள்ளலாம்.