புதுநகர்ப் பக்கம் எழும் தொடர்மாடியில் மகளுக்கு வீடு வாங்கலாமா?

உப்போடை வாத்தியார் (கேள்வி)

வணக்கம். நான் மட்டக்களப்பு, கல்லடி உப்போடையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். நம் மாவட்டத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கல்யாணப் பேச்சு நகராது என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூத்த மகளுக்கு நாங்கள் குடியிருந்த வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் மனைவியும் இளைய மகளும் அதே வளவின் பின்பக்கத்தில் கட்டிய சிறிய வீட்டுக்கு மாறிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் பெயரில் எஞ்சியிருப்பது 9 பேர்ச் (ஒரு பேர்ச் ஏறத்தாழ 272 சதுர அடி) காணி மட்டுமே. இப்போது இளையவளுக்கும் பேச்சு வந்திருக்கிறது.

இந்த நிலையில், வலையிறவுப் பாலத்துக்குப் போகும் வழியில், புதுநகர்ப் பக்கம் ஒரு தொடர்மாடி கட்டப்போவதாக விளம்பரம் வந்தது. 40 பேர்ச் காணியில் கீழ்த்தளத்தில் ஆறு கடைகளும், அதற்கு மேல் நான்கு மாடிகளில் மாடிக்கு ஆறாக 24 வீடுகளும் வருமாம். ஒரு வீடு 850 சதுர அடி. போர்க்காலத்தில் ஒரு பக்கம் விமானப்படை முகாமும் மறுபக்கம் வவுணதீவுச் சோதனைச்சாவடியுமாக இருந்த அந்தப் பகுதியில் காணி வாங்கப்போகிறேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். 2018இல் விமான நிலையம் பொதுமக்களின் உள்ளூர்ப் பறப்புகளுக்குத் திறக்கப்பட்ட பிறகுதான் அந்தத் தெருவைப் பற்றிய பேச்சே மாறியது.

விற்பனை அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். மேசையின் மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதிரிக் கட்டடம் இருந்தது. அதில் தெரு உள்ளதைவிட இரண்டு மடங்கு அகலமாகவும், வாவி நல்ல நீல நிறத்திலும், சுற்றிவர ஒரு வீடும் இல்லாமலும் காட்டப்பட்டிருந்தது. முப்பது வீதம் முற்பணம் கட்டினால் மாடியைத் தெரிவு செய்யலாம் என்றார்கள். கூடவே ஒரு கடையையும் வாங்கி வாடகைக்கு விடும்படி வற்புறுத்தினார்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு, கடற்கரையில் நாவலடி இருந்த இடத்தைப் பார்த்தவன் என்பதால், கடற்பக்கத்தை விட்டு மகள் உள்ளே போவது நல்லது என்றுதான் என் மனம் சொல்கிறது. ஆனால் மாடியில் இருக்கும் ஒரு வீட்டைச் சீதனமாக எழுத முடியுமா, அந்த நிலம் ஐந்து தளங்களைத் தாங்குமா, கடை வாங்குவது புத்தியா என்பவை தெரியாமல் கையொப்பம் வைக்கப் பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வாவிக்கரை

ஐயா, கட்டடத் துறையில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் கேள்விகளில் நிலத்தைப் பற்றியதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஐந்து தளங்களை அந்த நிலம் தாங்குமா என்றால், சரியான அத்திவாரம் போட்டால் தாங்கும். வாவியை அண்டிய நிலத்தில் மேலே மணலும் அதற்குக் கீழே களியும் மாறி மாறி வரும். பள்ளமாக இருந்த இடத்தைக் கிரவல் (சரளை மண்) கொட்டி உயர்த்தியிருந்தால் அது இறுகுவதற்குக் காலமும் எடுக்கும். ஆகவே நிலத்தைத் துளையிட்டுச் செய்த மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். எத்தனை இடத்தில் எவ்வளவு ஆழத்துக்குத் துளையிட்டார்கள், நிலத்துக்குள் ஆழமாக இறங்கும் தூண்களான பைல் அடிக்கிறார்களா அல்லது பரந்த அத்திவாரமா என்பது அதில் இருக்கும். உவர்நீர் ஏறும் நிலத்தில் கம்பிக்கு மேல் கொங்கிறீற்று போதிய கனத்தில் இல்லாவிட்டால் துரு பிடித்துத் தூண் வெடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அந்தக் காணி முன்பு வயலாக இருந்திருந்தால், அதை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி எடுத்திருக்க வேண்டும். விமான நிலையம் அருகில் இருப்பதால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் உயர அனுமதிக் கடிதத்தையும் காட்டச் சொல்லுங்கள்.

என்னை உண்மையில் யோசிக்க வைப்பது அத்திவாரம் அல்ல, மலசலகூடக் குழிதான். நம் நகரத்தில் வீடுகளின் கழிவுநீரைக் கொண்டுபோகக் குழாய்த் தொகுதி இல்லை. ஒவ்வொரு வளவும் தன் கழிவைத் தன் மண்ணுக்குள்ளேயே விடுகிறது. 24 வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் என்று வைத்தால்கூட 11,520 லீற்றர் கழிவுநீர் ஒவ்வொரு நாளும் எங்கேயோ போக வேண்டும். மார்கழியில் அந்தப் பக்கத்தில் நான்கு அடி தோண்டினாலே குழியின் பக்கங்களிலிருந்து தண்ணீர் கசிந்து நிரம்பிவிடும். நிரம்பிய குழிக்குள் கழிவு இறங்காது, மேலேதான் வரும். நான் வேலை செய்த ஒரு கட்டடத்தில் (இடம் சொல்லவில்லை) முதல் மாரியிலேயே கீழ்த்தளக் கடைக்காரர் மலசலகூடத்தைப் பூட்டிவிட்டு ஆற்றங்கரைப் பக்கம் போனதைக் கண்டிருக்கிறேன். ஆகவே சுத்திகரிப்புத் தொகுதி உண்டா, அது எங்கே அமைகிறது, அதை இயக்கும் மின்சாரச் செலவு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். "பெரிய குழி வெட்டுகிறோம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வெள்ளத்தைப் பற்றி ஒன்று. வாவி பெருகும்போது பாலமீன்மடுப் பக்கம், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணல் திட்டை வெட்டிவிடுவார்கள் என்பதை நம்பித்தான் எல்லோரும் இருக்கிறோம். ஆனால் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரை விவசாயிகள் வயல் அழுகுகிறது, உடனே வெட்டுங்கள் என்பார்கள். மீனவர்கள் இறால் கடலோடு போய்விடும், பொறுங்கள் என்பார்கள். அந்த இழுபறி நடக்கும் நாட்களில் தாழ்ந்த வளவுகளுக்குள் தண்ணீர் நிற்கும். கட்டடத்தின் கீழ்த்தள மட்டம் 2011 ஜனவரி வெள்ளத்தின் மட்டத்தைவிட எவ்வளவு உயரம் என்பதை அயலவர்களின் கிணற்றுக்கட்டையும் மதிலையும் பார்த்து நீங்களே அளந்துகொள்ளலாம்.

உறுதிப் பெட்டி

நான் காணி உறுதிகள் (உரிமைப் பத்திரங்கள்) எழுதும் நொத்தாரிசு. வாத்தியார் ஐயாவின் முதற் கேள்விக்கு நேரடியாக வருகிறேன்: மாடியில் இருக்கும் வீட்டைத் தனி ஆதனமாக எழுத முடியும். தொடர்மாடி உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும் அதற்காகவே இருக்கின்றன. நில அளவையாளர் வரையும் தொடர்மாடி வரைபடம் அங்கீகரிக்கப்பட்டுக் காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். அப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தனி இலக்கமும், நிலம், படிக்கட்டு, மொட்டைமாடி போன்ற பொது உறுப்புகளில் பிரிபடாத ஒரு பங்கும் கிடைக்கும். அதன் பிறகு மகளுக்கு நன்கொடை உறுதியோ சீதன உறுதியோ எழுதுவதில் எந்தச் சிக்கலும் இல்லை.

ஆனால் நாம் வளவு என்று சொல்லும்போது மனதில் வருவது வேறு. 40 பேர்ச் காணியை 24 வீடுகளுக்கும் 6 கடைகளுக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 1⅓ பேர்ச்தான். அதுவும் கயிறு பிடித்துக் காட்ட முடியாத பங்கு. உங்கள் பேத்திக்கு நாளை ஒரு வீடு வேண்டும் என்றால், பின்பக்கத்தில் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு முன்வீட்டைக் கொடுக்கும் நம் வழக்கம் அங்கே செல்லாது. மருமகன் வீட்டாருக்கும் இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

இனி மூலக் காணி. அந்தப் பக்கத்தில் உறுதிக் காணியும் அரச அனுமதிப்பத்திரக் காணியும் அடுத்தடுத்து இருக்கக்கூடும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியை விரும்பியபடி விற்க முடியாது. பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுகளுக்குத் தேடிப் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் அந்த 30 ஆண்டுகளுக்குள் போர்க்காலமும் வந்துவிடுகிறது. நீண்ட காலம் தொடர்ந்து ஆண்டு வந்ததால் கிடைக்கும் ஆட்சியுரிமையை வைத்து உறுதி முடித்த காணி என்றால் இன்னும் கவனம் தேவை: 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் தம் காணிக்கு வரமுடியாமற் போனவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை ஆட்சிக் காலமாகக் கணக்கிட முடியாதபடி 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் செய்திருந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தன் சார்பில் செயற்படக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை (அற்றோணித் தத்துவம்) வைத்து விற்ற காணி என்றால், கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்பதையும் பாருங்கள். கொடுத்தவர் இறந்ததும் அந்தத் தத்துவம் செல்லுபடியாகாது.

விற்பனை அலுவலகத்தில் "அனுமதி கிடைத்துவிட்டது" என்றால், எது கிடைத்தது என்று கேளுங்கள். முன்திட்ட அனுமதி வேறு, கட்டட வரைபட அனுமதி வேறு, கட்டி முடித்த பின் வரும் இணக்கச் சான்றிதழ் வேறு. கடைசியாகச் சொன்னது இல்லாமல் குடியேறக் கூடாது. முற்பணத்தைக் கட்டட வேலையின் ஒவ்வொரு கட்டத்துடனும் இணைத்து ஒப்பந்தம் எழுதாமல் முப்பது வீதத்தை ஒரே நாளில் கொடுக்க நான் எந்தக் கட்சிக்காரருக்கும் ஆலோசனை சொன்னதில்லை.

காத்தான்குடி நானா

சேர், எங்கள் ஊரில் இந்தப் பிரச்சினை உங்களுக்கு முன்பே வந்துவிட்டது. காணி இல்லை, ஆகவே உம்மா இருந்த வீட்டின் மேல் மூத்தவளுக்கு ஒரு தட்டு, அதற்கு மேல் இளையவளுக்கு ஒரு தட்டு என்று வெளியால் ஒரு படி வைத்துக் கட்டுகிறோம். தண்ணீர் மோட்டர் ஒன்று, கேற் ஒன்று, பெருநாள் சாப்பாடு ஒன்று. கொம்பனியும் இல்லை, மாதக் கட்டணமும் இல்லை. உங்கள் 9 பேர்ச்சில் இதைச் செய்தால் என்ன?

இதில் உள்ள குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். என் இரண்டாவது மகள் மேல்தட்டை ஈடு வைத்துக் கடன் எடுக்கப் போனபோது, மேலே உள்ள பங்குக்குத் தொடர்மாடி வரைபடம் இல்லை, வெறுமனே "மேல்மாடி" என்று எழுதிய உறுதியை ஏற்க முடியாது என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நொத்தாரிசு ஐயா சொன்ன அதே வரைபடத்தைக் குடும்ப வீட்டுக்கும் எடுக்கலாம் என்பது எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

வவுணதீவு முதலாளி

கடை வாங்குவது பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அந்தத் தெருவில் எனக்கு உரம், கிருமிநாசினிக் கடை இருக்கிறது. ஆயித்தியமலைப் பக்கத்திலிருந்து வரும் சனம் வலையிறவுப் பாலத்தைத் தாண்டினால் பஸ்ஸை விட்டு இறங்குவது நகரத்துக்குள் மட்டும்தான். உடுப்பும் நகையும் அவர்கள் இங்கே வாங்கமாட்டார்கள். பெரும்போக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் கையில் காசு இருக்கும்போது உழவு இயந்திர உதிரிப்பாகம், தகரம், சீமெந்து என்று நின்று வாங்குவார்கள். ஆனால் அந்த வியாபாரத்துக்கு லொறி நிற்க இடம் வேண்டும். 24 வீட்டுக்காரரின் வாகனமும் நிற்கிற இடத்தில் லொறியை எப்படி விடுவது? கண்ணாடிக் கதவு போட்ட சின்னக் கடைகளுக்குக் கீமணி (கடையைப் பிடிக்கக் கொடுக்கும் முன்தொகை) கொடுத்து வர இப்போதைக்கு ஆள் இல்லை. வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாது, கடை வேண்டாம்.

வெள்ளவத்தையிலிருந்து

சுருக்கமாக ஒன்று. இங்கே கொழும்பில் தொடர்மாடியில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். வீட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்ததுதான் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். மின்தூக்கி, தண்ணீர்த் தாங்கி, வெளிச்சம், காவலாளி எல்லாம் அதன் தலையில். வாங்கியவர்களில் பாதிப்பேர் லண்டனிலும் கனடாவிலும் இருந்தால் கூட்டத்துக்கு ஆள் வராது, கட்டணமும் வராது. எங்கள் மின்தூக்கி ஒருமுறை மூன்று மாதம் நின்றபோது ஐந்தாம் மாடியிலிருந்த ஓர் அம்மாவைக் கதிரையில் வைத்துத்தான் வைத்தியசாலைக்கு இறக்கினோம். அங்கே முற்பணம் கட்டியவர்களில் எத்தனை பேர் ஊரில் குடியிருக்கப் போகிறவர்கள் என்று விசாரியுங்கள்.

உப்போடை வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. போன கிழமை இரண்டு நாள் மழை விட்ட மறுநாள் காலையில், ஒருவருக்கும் சொல்லாமல் அந்தக் காணிக்குப் போனேன். முன்பக்கம் கிரவல் கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். பின்பக்கத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பக்கத்து வீட்டு அம்மா தன் குசினிச் சுவரில், என் இடுப்புக்குச் சற்றுக் கீழே, சுண்ணாம்பு உரிந்து போயிருந்த கோட்டைக் காட்டி "இது பதினோராம் ஆண்டு வந்தது" என்றார். அந்தக் கிரவல் மேடு வந்த பிறகு மழைத்தண்ணீர் தன் வளவுக்குள் திரும்புகிறது என்று முறையிட்டார். அதை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் யாரும் காட்டவில்லை.

விற்பனை அலுவலகத்தில் மண் அறிக்கை, சுத்திகரிப்புத் தொகுதியின் வரைபடம், அனுமதிப் பத்திரங்கள், மூல உறுதி ஆகிய நான்கையும் கேட்டேன். முன்திட்ட அனுமதியின் பிரதியை மட்டும் தந்தார்கள். மற்றவை கொழும்பிலிருந்து வரவேண்டுமாம். கடை வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு முற்பணம் கட்டவில்லை, மற்றவையும் வரட்டும் என்று வந்துவிட்டேன்.

காத்தான்குடி நானாவின் யோசனையை இரவு மனைவியிடம் சொன்னேன். மேலே மகள் இருந்தால் மூட்டு நோவோடு படி ஏறுவது யார் என்று முதலில் கேட்டாள். பிறகு, நாங்கள் ஏன் ஏற வேண்டும், அவள் இறங்கி வருவாள்தானே என்று அவளே சொன்னாள். இருக்கும் வீட்டின் அத்திவாரம் இன்னொரு தட்டைத் தாங்குமா என்று பார்க்க வாவிக்கரைத் தம்பி ஒருநாள் உப்போடைக்கு வரமுடியுமா? ஞாயிற்றுக்கிழமை என்றால் மகளும் வீட்டில் இருப்பாள்.