ஜப்பானியச் சமையல் சான்றிதழ்: எடுப்பதால் பயன் உண்டா?

குசினிக்காரன் கேட்டது:

வணக்கம். பாரிஸில் ஒரு சின்ன சுஷிக் கடையின் குசினியில் வேலை செய்கிறேன். முதலாளி ஜப்பானியர் இல்லை, சமைக்கிற நாங்களும் யாழ்ப்பாணத்துப் பொடியள்தான். இங்கே ஜப்பானிய உணவகம் என்றால் சால்மன் சுஷி, தூளைக் கரைத்த மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், கோவா (முட்டைக்கோஸ்) சாலட், அப்புறம் சீஸை மாட்டிறைச்சியால் சுற்றிக் குச்சியில் சுட்டது. தெருவுக்குத் தெரு இதே பட்டியல்தான். ஜப்பான் வேளாண் அமைச்சின் திட்டத்தில் சமையல்காரருக்குச் சான்றிதழ் தருகிறார்களாம், நீ எடு, வாசலில் மாட்டலாம் என்கிறார் முதலாளி. எனக்கு வேலையை ஒழுங்காகப் பழகத்தான் ஆசை. சான்றிதழில் தொடங்குவதா, வேறு எதிலாவதா? ஒரு அரசாங்கம் இதற்கெல்லாம் ஏன் மெனக்கெடுகிறது?

ஒசாகாவாசி:

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2006இல் வேளாண் அமைச்சராக இருந்த மட்சுவோகா தோஷிகட்சு, வெளிநாட்டு ஜப்பானிய உணவகங்களைச் சோதித்து அசல், போலி என்று பிரிக்க ஒரு திட்டம் கொண்டு வந்தார். அமெரிக்காவில் ஒரு கடையில் சுஷியும் கொரிய பார்பெக்யூவும் ஒரே பட்டியலில் இருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்ததாம். அமெரிக்கப் பத்திரிகைகள் "சுஷி போலீஸ்" என்று பெயர் வைத்துக் கிழித்துவிட்டன, திட்டம் அதோடு போயிற்று. பிறகு 2013இல் யுனெஸ்கோ ஜப்பானிய உணவு மரபைப் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நீங்கள் சொல்லும் சான்றிதழ் 2016இல் வந்தது. அது கடைக்கு இல்லை, ஆளுக்கு: ஜப்பானில் ஏறக்குறைய 2 வருடம் வேலை பழகியவருக்குத் தங்கம், 1 வருடம் என்றால் வெள்ளி, குறுகிய காலப் பயிற்சிக்கு வெண்கலம். அரசுக்கு இதில் வியாபாரமும் இருக்கிறது. 2006இல் வெளிநாடுகளில் சுமார் 24,000 ஜப்பானிய உணவகங்கள், 2023இல் சுமார் 1,87,000. அத்தனை அடுப்படிகளுக்கும் சோயா சாஸும் மிசோவும் சாக்கே என்கிற அரிசி மதுவும் போக வேண்டுமே.

பயிற்சி நல்லபடியாகக் கிடைத்தால் வெண்கலம் எடுங்கள், கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தூள் சூப்போடு அதை வாசலில் மாட்டினால் வருகிறவர்களை ஏமாற்றுவதாகத்தான் ஆகும்.

வடகடல்:

நான் நோர்வேயில் இருக்கிறேன், மீன் பதனிடும் ஆலை வேலை. அசல் என்று பேசும்போது ஒன்றை மறக்கக் கூடாது. உங்கள் கடையில் முதலில் விற்றுத் தீரும் சால்மன் சுஷியே இங்கிருந்து போன சரக்கு. பசிபிக் சால்மனில் புழு இருக்கும் என்பதால் ஜப்பானியர்கள் அதை உப்பிட்டும் சுட்டும்தான் சாப்பிட்டார்கள். 1980களின் நடுவில், பண்ணைச் சால்மன் மிஞ்சிக் கிடந்த நேரத்தில், நோர்வே அரசு ஜப்பானுக்கு ஆளனுப்பி, எங்கள் மீனைப் பச்சையாகவே சாப்பிடலாம் என்று வருடக்கணக்காகப் பேசி விற்றது. இன்றைக்கு ஜப்பானில் பிள்ளைகள் சுஷிக் கடையில் முதலில் கை நீட்டுவது அதற்குத்தான். மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புரா போர்த்துக்கீசரிடமிருந்து, ராமென் நூடுல்ஸ் சீனரிடமிருந்து, கறிச்சோறு ஆங்கிலேயரிடமிருந்து வந்தவை. வெளியிலிருந்து வந்ததையெல்லாம் கழித்தால் அவர்கள் பட்டியலில் பாதி காணாமல் போய்விடும். அதனால் சீஸ் குச்சிக்காக நீங்கள் தலைகுனிய வேண்டாம், பிரான்சுக்காரர் விரும்பிச் சாப்பிடுகிறார்கள், சாப்பிடட்டும்.

அடுப்படி:

வடகடல் சொல்வது சரி, ஆனால் அதை வைத்து எதைச் செய்தாலும் ஜப்பானியம் என்று முடித்துவிட முடியாது. சீஸ் குச்சி இருந்துவிட்டுப் போகட்டும், அந்தச் சூப்பை நிறுத்துங்கள். தாஷி என்கிற அடிச்சாறு இல்லாமல் இந்தச் சமையல் இல்லை: கொம்பு என்கிற கடற்பாசி, கட்சுவோபுஷி என்கிற புகைபோட்டுக் காயவைத்த சூரை மீன் சீவல், தண்ணீர், அவ்வளவுதான். மாசிக் கருவாடு தெரிந்த நமக்கு இந்த மணத்தை யாரும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாரிஸ் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கடற்பாசியின் சாறு சரியாக இறங்காது. வோல்விக் மாதிரி மென்மையான போத்தல் தண்ணீரில் ஒருமுறை செய்து, பக்கத்தில் குழாய்த் தண்ணீரில் செய்ததையும் வைத்துக் குடித்துப் பாருங்கள். கடற்பாசியை 60 பாகையில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்துவிட்டு, கொதி வருமுன் சீவலைப் போட்டு வடியுங்கள். மிசோவைக் கடைசியில் கரைக்க வேண்டும், அதற்குப் பிறகு கொதிக்கவே விடக் கூடாது.

சீவல் கிடைப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. புகைபோடும்போது சேரும் பென்சோபைரீன் என்கிற நச்சுப்பொருள் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பைத் தாண்டுவதால் ஜப்பானியச் சரக்கு பெரும்பாலும் உள்ளே வர முடியாது. அதனால் ஜப்பானில் ககோஷிமாவின் மகுராசாகி ஊர் உற்பத்தியாளர்கள் சேர்ந்து 2016இல் பிரான்சின் பிரித்தானி கடற்கரையில், கொன்கார்னோவில், சீவல் ஆலையே போட்டுவிட்டார்கள். அசல் உணவைப் பரப்புவது என்றால் எனக்கு அந்த ஆலைதான் நினைவுக்கு வரும்.

குசினிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கொன்கார்னோ சீவலை விசாரிக்கிறேன். ஆனால் தூளை விட விலை பல மடங்கு வருமே, முதலாளியிடம் என்ன சொல்வது?

அடுப்படி:

ஒரு தடவை வடித்த சக்கையை எறியாதீர்கள். அதே கடற்பாசியையும் சீவலையும் புதுத் தண்ணீரில் மெல்லக் கொதிக்கவிட்டால் இரண்டாம் தாஷி வரும், மிசோ சூப்புக்கு அதுவே போதும். முதல் தாஷியைத் தெளிந்த சூப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சியதைப் பொடியாக நறுக்கிச் சோயா சாஸிலும் சீனியிலும் சுண்டவைத்தால் சோற்றுக்குத் தொடுகறி. கணக்கை இப்படிச் சேர்த்துப் போட்டுக் காட்டுங்கள். முதலில் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு வாரம் கொடுத்துப் பார்க்கலாம் என்று கேளுங்கள்.