கல்லா பிளாசிடியா நிஜமாகவே ஆண்டாரா, ஒப்புக்கு உட்கார்ந்திருந்தாரா?

நெய்தல்கரை:
மேற்கு ரோம் சரிந்துகொண்டிருந்த காலத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன், எங்கே புரட்டினாலும் இந்த அம்மா வந்து நிற்கிறார். பேரரசர் முதலாம் தியடோசியஸின் மகள், மேற்கை ஆண்ட பேரரசர் ஹொனோரியஸின் தங்கை (தாய் வேறு), விசிகோத் (ஜெர்மானியக் கோத்துகளில் ஒரு பிரிவு) அரசன் அத்தாவுல்ஃபின் மனைவி, அப்புறம் தளபதி கான்ஸ்டான்டியஸின் மனைவி, மூன்றாம் வாலன்டினியனின் தாய். யாரோ ஒருவருக்கு உறவு என்றுதான் எல்லா இடத்திலும் அறிமுகமே. 425-இல் ஆறு வயது மகனை அரியணையில் ஏற்றி 437 வரை இவர்தான் ஆட்சியை நடத்தினாராம். நடத்தினார் என்றால் என்ன நடத்தினார்? படை தளபதிகள் கையில், வட ஆப்பிரிக்கா வாண்டல்கள் என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்திடம் போய்க்கொண்டிருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழங்காசு:
பொம்மை என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் பெயரில் வெளிவந்த தங்கக் காசைப் பாருங்கள், தலைக்கு மேலே மேகத்திலிருந்து ஒரு கை வந்து முடி சூட்டுகிறது, சுற்றிலும் உள்ள எழுத்தில் பேரரசர்கள் போட்டுக்கொள்ளும் அதே அடைமொழிகள். காசு என்பது அந்தக் காலத்து அரசாங்க அறிவிப்பு, சும்மா அடிக்க மாட்டார்கள்.

ஆனால் அவருடைய கதையை 425-இல் தொடங்குவதே தப்பு. 410-இல் ரோம் சூறையாடப்பட்ட சமயத்தில் கோத்துகளிடம் பிணைக்கைதியாகப் போனவர், 414-இல் நார்போனில் அத்தாவுல்ஃபை மணந்தார். மாப்பிள்ளை ரோம உடையில் உட்கார்ந்தான், பட்டு உடுத்திய 50 இளைஞர்கள் ஆளுக்கு இரண்டு தட்டு, ஒன்றில் தங்கம், இன்னொன்றில் மணிகள் என்று ஏந்தி வந்தார்கள், அதெல்லாம் ரோமிலிருந்து அள்ளிய கொள்ளைதான் என்பது வேறு விஷயம்! ரோமை அழித்து கோத்திய நாடாக்க நினைத்தவன், பிறகு கோத்திய வாளால் ரோமைத் தூக்கி நிறுத்த நினைத்ததற்கு இவருடைய பேச்சும் ஒரு காரணம் என்று அந்தக் கால வரலாற்றாசிரியர் ஒரோசியஸ் எழுதியிருக்கிறார். பிறந்த ஆண் குழந்தைக்குத் தியடோசியஸ் என்று தாத்தா பெயரை வைத்தார்கள். ஹொனோரியஸுக்குப் பிள்ளை இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு அந்தப் பெயரைப் படியுங்கள். குழந்தை தங்கவில்லை, பார்சிலோனாவில் வெள்ளிப் பேழையில் வைத்துப் புதைத்தார்கள். 415-இல் அத்தாவுல்ஃப் கொலையானதும், அடுத்து வந்த சிகெரிக் இவரைக் கைதிகளோடு சேர்த்துத் தன் குதிரைக்கு முன்னால் 12 மைல் நடக்க விட்டான். ஏழே நாளில் அவனும் போனான். 416-இல் 6 லட்சம் மோடியஸ் (ரோம முகத்தல் அளவு) தானியத்துக்கு ஈடாக ரோம் இவரைத் திரும்பப் பெற்றது.

குதிரைவால்:
பழங்காசு சொன்னதெல்லாம் சரி, ஆனால் காசில் முகம் இருப்பதும் படை சொன்ன பேச்சைக் கேட்பதும் ஒன்றல்ல. 425-இல் அந்த அரியணையே கிழக்கு ரோமின் படை வந்து ஜான் என்ற போட்டிப் பேரரசனை ஒழித்துக் கொடுத்ததுதான். ஜானுக்காக ஹூணர்களைத் திரட்டப் போன தளபதி ஏத்தியஸ், ஜானின் தலை போய் மூன்று நாள் கழித்துப் பெரும்படையோடு வந்து நின்றான். தண்டிக்க முடிந்ததா? காலியாவில் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) பதவி கொடுத்துத்தான் அனுப்ப முடிந்தது. அவர் கையில் மிச்சம் இருந்த ஒரே வழி தளபதிகளை ஒருவருக்கு எதிராக ஒருவரை நிறுத்துவது. ஃபெலிக்ஸ், போனிஃபாசியஸ், ஏத்தியஸ் என்று மூன்று பேர் இருந்தவரை அது ஓடியது. 430-இல் ஃபெலிக்ஸ் கொலை. 432-இல் ஆப்பிரிக்காவிலிருந்து போனிஃபாசியஸை வரவழைத்து ஏத்தியஸுக்கு மேலே வைத்தார். இது முழுக்க அவருடைய ஆட்டம், கிட்டத்தட்ட பலித்தும் விட்டது. ரிமினி அருகே நடந்த சண்டையில் ஜெயித்தது போனிஃபாசியஸ்தான், ஆனால் பட்ட காயத்தில் செத்துப்போனார். ஏத்தியஸ் ஹூணர்களிடம் ஓடி, அவர்கள் பலத்தில் 433-இல் திரும்பி வந்தான். அதற்கப்புறம் எதிரே நிறுத்த ஆளே இல்லை. ஆக என் கணக்கில் 433-க்கு முன் ஆண்டார், பின் இருந்தார்.

நெய்தல்கரை:
ஓ, அப்படியென்றால் சட்டங்கள்? 426-இல் சட்ட அறிஞர்களில் யாரை எந்த வரிசையில் மேற்கோள் காட்டலாம் என்று ஒரு சட்டம், 429-இல் ஆள்பவனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்தான் என்று இன்னொன்று. ஏழு வயது, ஒன்பது வயதுப் பையன் பெயரில். இதை அவர் கணக்கில் எழுதலாமா?

பழங்காசு:
வாசகம் அரண்மனைச் சட்ட அதிகாரிகளுடையது, அதை மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பேரரசரும் தன் கையால் சட்டம் எழுதியதில்லையே, ஆணுக்கு மட்டும் அதை அவர் சட்டம் என்று சொல்லிவிட்டு இவருக்கு வந்ததும் எழுத்தரைத் தேடுவானேன்? குதிரைவால் விட்டுவிட்ட இன்னொன்று, ஹொனோரியஸோடு பகை முற்றியபோது அப்போதைய தலைநகர் ரவென்னாவின் தெருக்களில் இவருடைய ஆட்கள் இறங்கி அடித்துக்கொண்டார்கள். அத்தாவுல்ஃப் காலத்திலிருந்து கூடவே இருந்த கோத்திய வீரர்கள் அவர்கள். சின்னக் கூட்டம்தான், ஏத்தியஸின் ஹூணர்களுக்கு ஈடாகாது, 423-இல் பிள்ளைகளோடு கான்ஸ்டான்டினோபிளுக்குப் போகவும் வேண்டியதாயிற்று. ஆனால் சொந்த வாள் அறவே இல்லை என்பது சரியல்ல.

குதிரைவால்:
தெருச்சண்டைக்கு ஆள் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். 433-க்குப் பின் "இருந்தார்" என்று நான் எழுதியதையும் கொஞ்சம் திருத்த வேண்டும். 450-இல் மகள் ஹொனோரியா ஹூணர் அரசன் அட்டிலாவுக்கு மோதிரம் அனுப்பிய விவகாரம் வெடித்தபோது, வாலன்டினியன் அக்காளைக் கொல்லாமல் விட்டது தாய் மன்றாடியதால்தான். அதே ஆண்டு போப் லியோவுக்காகக் கிழக்குப் பேரரசர் இரண்டாம் தியடோசியஸுக்கும் அவருடைய அக்கா புல்கேரியாவுக்கும் கடிதம் எழுதினார். நவம்பர் 27-இல் ரோமில் இறந்தார், ரவென்னாவில் அவர் பெயரில் காட்டும் அந்த நீல மொசைக் கல்லறையில் அநேகமாக அவர் இல்லை.