பழைய ஒலிம்பஸ் கேமரா பாடியை மாற்றலாமா? கடலுக்கடியில் படம் எடுப்பவர்கள் சொல்லுங்கள்

சங்குவளை:
வணக்கம். ஆறு வருடமாக ஒலிம்பஸ் ஈ-எம்5 மார்க் 2 ஓடுகிறது. நாட்டிகாம் ஹவுசிங் (தண்ணீர் புகாத கேமரா பெட்டி), நெருக்கப் படத்துக்கு 60 மி.மீ. மேக்ரோ, வைட் எனும் அகலப் படத்துக்கு பானசோனிக் 8 மி.மீ. ஃபிஷ்ஐ, இரண்டு ஸ்ட்ரோப் ஃபிளாஷ். வாரக்கடைசியில் புதுச்சேரி, வருடத்துக்கு ஒருமுறை அந்தமானின் ஹேவ்லாக், இதுதான் என் டைவிங்.

குறை இரண்டு. புதுச்சேரியின் பச்சைத் தண்ணீரில் மேக்ரோ எடுத்தால் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கிறது, அது பிடிப்பதற்குள் இறால் வளைக்குள் போய்விடும். இன்னொன்று, சூரியனைப் பின்னணியில் வைத்து வைட் எடுத்தால் நடுவில் வெள்ளையாக ஓட்டை விழுகிறது. கூட வரும் நண்பர் பெரிய சென்சார் இருக்கிற ஃபுல் ஃப்ரேமுக்குப் போ என்கிறார், எனக்கும் சோனி ஏ7 மார்க் 4 மேல் ஒரு கண். ஒலிம்பஸ் வரிசையிலேயே ஓஎம்-1 பரவாயில்லையா, இல்லை பழைய நிக்கான் டி500 எதையாவது பிடிக்கலாமா? பட்ஜெட்டை வீட்டில் சொன்னபோது கிடைத்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அலைவாய்க்காரன்:
முதல் குறைக்குக் காரணம் தண்ணீர் மட்டும் இல்லை. உங்கள் பாடியில் இருப்பது கான்ட்ராஸ்ட் முறை ஆட்டோஃபோகஸ். படம் கூர்மையாகிறதா என்று லென்ஸை ஓட்டிப் பார்த்துத்தான் அதற்குத் தெரியும், கலங்கல் தண்ணீரில் கான்ட்ராஸ்டே இல்லாதபோது பாவம் அது என்ன செய்யும். ஃபேஸ் டிடெக்ஷன் இருக்கிற பாடிக்கு எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். 2016இல் வந்த ஈ-எம்1 மார்க் 2, 2022இல் வந்த ஓஎம்-1, இரண்டிலும் அது உண்டு.

ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன் செலவில்லாத ஒரு வேலை. உங்கள் 60 மி.மீ. லென்ஸின் பக்கவாட்டில் ஃபோகஸ் எல்லை வைக்கும் திருகு இருக்கிறது, அதை 0.19–0.4 மீட்டரில் வைத்துவிட்டு ஹவுசிங்கை மூடுங்கள். அப்புறம் ஃபோகஸ் லைட் இருக்கிறதா? நீங்கள் எழுதிய பட்டியலில் காணவில்லை.

வாங்கத்தான் வேண்டும் என்றால் பாடி விலையைப் பார்க்காதீர்கள், ஹவுசிங்கில் போர்ட் (லென்ஸுக்கு முன்னால் வரும் கண்ணாடி மூடி) மாட்டும் வாயைப் பாருங்கள். உங்கள் ஹவுசிங் என்85 வாய். ஓஎம்-1க்கு வரும் நாட்டிகாமும் அதே என்85, அதனால் இருக்கிற மேக்ரோ போர்ட், டோம் (வைட் லென்ஸுக்கான அரைக்கோள போர்ட்), இரண்டு லென்ஸ் எல்லாம் அப்படியே ஏறும். சோனி ஃபுல் ஃப்ரேம் என்றால் என்100. லென்ஸிலிருந்து டோம் வரை மறுபடி முதலிலிருந்து. ஹவுசிங்கே பாடியைவிட விலை அதிகம் வருகிற தொழில் இது, தெரியாததல்ல.

பவளத்திட்டு:
நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், உங்களுடையது போன்ற மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சிறு சென்சாரிலிருந்து ஃபுல் ஃப்ரேமுக்குப் போனவன், அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எஃப் 8இல் வாங்கும் ஆழக்கூர்மை (முன்னும் பின்னும் கூர்மையாக வரும் தூரம்) எனக்கு எஃப் 16இல்தான் வருகிறது. அதே ஐஎஸ்ஓவில் ஸ்ட்ரோப் நான்கு மடங்கு வெளிச்சம் கொட்ட வேண்டும். முடியாதென்று ஐஎஸ்ஓவை இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு, ஏற்றினால், பெரிய சென்சாருக்கு என்று கொடுத்த காசு அங்கேயே கரைந்துபோகிறது. மேக்ரோதான் முக்கியம் என்றால் எனக்குக் கிடைத்த லாபம் சொற்பம்.

வைட் வேறு கதை. டோமுக்கு முன்னால் தண்ணீரில் ஒரு போலி பிம்பம் உருவாகும், கேமரா ஃபோகஸ் செய்வது அதைத்தான். அது வளைந்திருப்பதால் ஓரங்கள் இழுபடும். என் 16-35 லென்ஸுக்குக் குறைந்தது 180 மி.மீ. டோம் கேட்கிறது, உங்கள் 8 மி.மீ. ஃபிஷ்ஐ உள்ளங்கை அளவு டோமில் சமர்த்தாக உட்கார்ந்துவிடும். போர்ட் பிளேர் விமானத்தில் 15 கிலோ பெட்டியில் இதையெல்லாம் அடக்கிப் பாருங்கள், பிறகு பேசுவோம். ஒருமுறை ரெகுலேட்டரைக் கைப்பையில் வைத்து, மாற்றுத்துணி இல்லாமல் நான்கு நாள் இருந்திருக்கிறேன்.

ஆனால் சூரியன் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அந்த வெளிச்ச வட்டம் படிப்படியாக மங்கி நீலத்தில் கரைவது பெரிய சென்சாரில் நன்றாகவே வருகிறது. ஒத்திசைவு வேகம் (ஸ்ட்ரோபோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) மட்டும் ஏறவில்லை, உங்கள் பழைய பாடியிலும் 1/250, ஏ7 மார்க் 4லும் 1/250. சோனியின் முதல் ஏ7சியில் 1/160தான், அந்தப் பக்கம் போகாதீர்கள். காலை ஏழு மணிக்கு, சூரியன் சாய்ந்திருக்கும்போது, ஐஎஸ்ஓவைக் குறைத்து 1/250, எஃப் 14 வைத்து எடுத்துப் பார்த்தீர்களா?

துடுப்பு77:
டி500ஐ யாரும் கண்டுகொள்ளவில்லையே. டோக்கினா 10-17 லென்ஸ் போட்டு எட்டு வருடமாக எடுக்கிறேன், இருட்டுத் தண்ணீரிலும் ஃபோகஸ் பட்டென்று பிடிக்கிறது. மிரர்லெஸுக்கு மாறுகிறவர்கள் ஹவுசிங்கோடு தள்ளிவிடுவதால் செகண்ட்ஹேண்டில் மலிவு. லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து எடுக்கும்போது) மட்டும் சோம்பேறி, வீடியோவுக்குச் சரிப்படாது. சங்குவளைக்கு லென்ஸெல்லாம் மாறுமே, அதனால் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன், ஆனாலும் மனசு கேட்கவில்லை, எழுதிவிட்டேன்.

கடல்குதிரை:
என் ஒலிம்பஸ் டிஜி-6 சின்ன கேமராவை இங்கே சொன்னால் அடிப்பீர்களா?

அலைவாய்க்காரன்:
அடிக்க மாட்டோம். நுனியில் ஒட்டிவைத்து எடுக்கும் அதன் மைக்ரோஸ்கோப் மோடுக்கு நாங்களே பொறாமைப்படுகிறோம்.

சங்குவளை:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு டைவில் லென்ஸ் திருகை 0.19–0.4இல் நிறுத்தி, ஒருவரிடம் ஃபோகஸ் லைட் இரவல் வாங்கிப் போனேன். அசையாமல் இருக்கும் நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) எல்லாம் முதல் முயற்சியிலேயே விழுந்தது, ஆறு வருடம் அந்தத் திருகைத் தொடாமல் இருந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஓடுகிற இறாலும் பிளென்னி மீனும் இன்னும் தப்புகின்றன, பத்துக்கு மூன்றுதான் சிக்குகிறது. ஆக பாடி மாற்ற வேண்டும், ஆனால் ஃபுல் ஃப்ரேம் ஆசை இறங்கிவிட்டது. சூரியனுக்கு ஹேவ்லாக்கில் காலை டைவ் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன். ஓஎம்-1 செகண்ட்ஹேண்டில் ஒன்று வந்திருக்கிறது, ஹவுசிங்கும் கூடவே தருகிறார். என்ன பார்த்து வாங்க வேண்டும்?

அலைவாய்க்காரன்:
வேக்குவம் வால்வு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் காற்றை உறிஞ்சி, கேமரா வைக்காமல் வெறும் ஹவுசிங்கை ஒரு இரவு வைத்துவிட்டுக் காலையில் ஹவுசிங்கின் கசிவு காட்டும் விளக்கு பச்சையா என்று பாருங்கள். ஓ-ரிங் (ஹவுசிங் மூடும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பழையதைப் போடாதீர்கள், புதிதாக வாங்குங்கள். ஒரே ஒரு தலைமுடி ஓ-ரிங்கில் கிடந்ததால் பதினெட்டு மீட்டரில் ஒரு பாடியைத் தண்ணீருக்குக் கொடுத்தவன் நான். முடி என்னுடையதுகூட இல்லை, நாயுடையது.