ஷாட்கன்னா, ரைஃபிளா? டெக்சாஸில் இருக்கிறோம்

கேள்வி: ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலத்தோடு வீடு. 2021 பிப்ரவரி பனிப்புயலில் கரண்ட் இல்லாமல் கிடந்ததிலிருந்து ஒரு துப்பாக்கி வேண்டும் என்று தோன்றுகிறது, காட்டுப்பன்றித் தொல்லை வேறு. ஒன்றுதான் வாங்க முடியும், எது நல்லது?

பதில் 1: பன்றிக்கு என்றால் ரைஃபிள்தான். 100 கெஜத்தில், ஷாட்கன் ஒரே தோட்டாவில் அனுப்பும் பல குண்டுகளான பக்‌ஷாட் சிதறிப் போய்விடும். வீட்டுக்குள் மட்டும் என்றால் 20 கேஜ் ஷாட்கன் போதும், அதைவிடப் பெரிய குழாய் உள்ள 12 கேஜின் உதைப்பு வீட்டில் எல்லோருக்கும் தாங்காது.

பதில் 2: அண்ணா, ஷாட்கன்னுக்குக் குறியே பார்க்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓர் அறை தூரத்தில் பக்‌ஷாட் கையளவுகூட விரியாது. அப்புறம், ஷாட்கன், ரைஃபிள் இரண்டுமே இங்கத்திய வீடுகளின் மெல்லிய ஜிப்சம் பலகைச் சுவரைத் துளைத்துக்கொண்டு பிள்ளைகள் தூங்கும் அறைக்குள் போகும்.

பதில் 3: முதலில் விசாவைப் பாருங்கள். எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை) என்றால் சரி. அந்தப் புயலில் பலரைக் கொன்றது குளிரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும். அந்த வாயுவுக்கான அலாரத்தை முதலில் வாங்குங்கள், தயவுசெய்து.