தாத்தா வீட்டில் ஈயக் குழாய்: குழந்தைக்கு இந்தத் தண்ணீரைக் கொடுக்கலாமா?

கும்பகோணம் பேரன்:
வணக்கம். 12 வருடம் பூட்டிக் கிடந்த தாத்தா வீட்டுக்கு ஆவணியில் குடிவந்தோம். ரேழிச் சுவரைக் கொத்தியபோது, தெருவிலிருந்து தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பைப் தெரிந்தது. "இது ஈயப் பைப்பு சார், இப்போ யாரும் போடுறதில்ல" என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. மகளுக்கு இரண்டரை வயது. முற்றத்துக் குழாயில் காலையில் பிடிப்பதுதான் குடிக்க, சமைக்க எல்லாம். பார்க்கத் தெளிவாக இருக்கிறது, ருசியும் நன்றாக இருக்கிறது. கொதிக்கவைத்துத்தான் தருகிறோம். போதுமா?

மன்னார்குடி டீச்சர்:
போதாது தம்பி. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட மிச்சத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும். ஈயம் கரைந்த தண்ணீருக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பழுப்பாக வந்தால் பயப்படுவோம், அது பெரும்பாலும் இரும்புத் துரு. இது கண்ணுக்கே தெரியாது.

இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. வேறு வழியில்லாத ஊருக்குக்கூட அதில் சலுகை கிடையாது. சின்னக் குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், கர்ப்பிணிகளும் கவனமாக இருக்க வேண்டும். பரிசோதனை முடியும்வரை குழந்தைக்கு ஆர்.ஓ. தண்ணீர் கொடுங்கள். பதற வேண்டாம், ஆனால் தள்ளிப் போடவும் வேண்டாம்.

திருவையாறு:
ராத்திரி செப்புக் குடத்தில் ஊற்றி வைத்தால் எல்லா விஷமும் முறிந்துவிடும் என்பார்கள்.

மன்னார்குடி டீச்சர்:
செம்பு சில கிருமிகளைக் கொல்லும் சார். ஈயத்தை எடுக்காது.

பழைய பிளம்பர்:
முதலில் அது ஈயம்தானா என்று பார்ப்போம். கொத்தனார் சொன்னதை வைத்து முடிவு கட்டாதீர்கள், அழுக்கேறிய ஜி.ஐ. பைப்பும் (துத்தநாகம் பூசிய இரும்பு) அதே நிறத்தில்தான் இருக்கும். காந்தம் வையுங்கள். ஒட்டினால் ஜி.ஐ. ஒட்டாவிட்டால் ஒரு ரூபாய்க் காசால் மெல்லக் கீறுங்கள். ஈயம் வெண்ணெய் மாதிரி, சுலபமாகக் கீறல் விழும், உள்ளே பளபளவென்று வெள்ளி போலத் தெரியும். ஈயத்தில் போட்ட ஜாயிண்ட் வெங்காயம் மாதிரிப் புடைத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தூள் பறக்கும். கீறிய கையைக் கழுவிவிடுங்கள்.

கும்பகோணம் பேரன்:
காந்தம் ஒட்டவில்லை. கீறினால் பளபளப்பு. வெங்காயமும் இருக்கிறது! ஆனால் ஒன்றரை அடி நீளம்தான், அப்புறம் ஜி.ஐ. பைப் தொடங்குகிறது. முனையில் தாத்தா காலத்துப் பித்தளைக் குழாய்.

பழைய பிளம்பர்:
அப்போ ஈயம்தான். அந்தப் பித்தளைக் குழாயையும் கணக்கில் சேருங்கள். கடைசலுக்குச் சுலபமாக வரட்டும் என்று பித்தளையில் 2, 3 சதவீதம் ஈயம் சேர்ப்பது உண்டு.

உங்கள் ஊரில் முறைத் தண்ணீர்தானே? ராத்திரி முழுக்கப் பைப்பில் தேங்கி நிற்பதில்தான் ஈயம் அதிகம் கரைந்திருக்கும். காலையில் முதல் ஐந்து நிமிடத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கொல்லைக்கோ பாத்ரூமுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க அதற்கப்புறம் பிடியுங்கள். இது தற்காலிகம்தான், பைப்பை மாற்றியே ஆக வேண்டும்.

மன்னார்குடி டீச்சர்:
மாற்றுவதற்கு முன் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வுக்கூடம் உண்டு. ஈயம் பார்ப்பார்களா என்று முதலில் கேளுங்கள், வழக்கமான பட்டியலில் அது இல்லாமல் போகலாம். இல்லையென்றால் என்.ஏ.பி.எல். (ஆய்வுக்கூடங்களைச் சரிபார்க்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற தனியார் கூடம். பாட்டிலை அவர்களிடமே வாங்குங்கள், பழைய கோலி சோடா பாட்டில் வேண்டாம். தண்ணீர் வந்ததும் ஒரு துளியும் வீணாக்காமல் ஒரு பாட்டில், ஐந்து நிமிடம் ஓடவிட்டு இன்னொன்று. இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசத்தில் வீட்டுப் பைப்பின் பங்கு தெரிந்துவிடும்.

கும்பகோணம் என்றதும் ஒரு கேள்வி. வீட்டில் ஈயச் சொம்பு இருக்கிறதா?

கும்பகோணம் பேரன்:
இருக்கிறது டீச்சர். அம்மா அதில்தான் ரசம் வைப்பார்.

மன்னார்குடி டீச்சர்:
நினைத்தேன். நம் பேச்சில் வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். உங்கள் பைப்பில் இருக்கும் விஷ ஈயம் காரீயம். சொம்பு வெள்ளீயத்தில் இருக்க வேண்டியது, அதில் பயமில்லை. காரீயம் கலந்திருந்தால் புளியும் தக்காளியும் கொதிக்கக் கொதிக்க அதைக் கரைக்கும். சொம்பை கிராமில் எடை போடுங்கள். நிரம்பிய பாத்திரத்தில் முழுக்க அமிழ்த்தி, வழியும் தண்ணீரை மில்லி லிட்டரில் அளந்து வகுத்துப் பாருங்கள். சுத்த வெள்ளீயம் 7.3, காரீயம் 11.3. ஒன்று சொல்லிவிடுகிறேன், பத்து சதவீதம் கலந்திருந்தாலும் 7.6 தான் வரும், வீட்டு அளவையில் அது பிடிபடாது. அதிகமாக வந்தால் சந்தேகமே வேண்டாம். குறைவாக வந்ததை வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

டெட்ராய்ட் மாயவரம்:
அமெரிக்காவில் நான் இருக்கும் மாநிலத்தில்தான் ஃபிளிண்ட் நகரம். 2014ல் நகராட்சி தண்ணீர் எடுக்கும் இடத்தை ஆற்றுக்கு மாற்றியது, பைப் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. ஈயப் பைப்புக்குள் காலங்காலமாகப் படிந்திருந்த பாதுகாப்புப் படிவம் கரைந்து ஊரே பாதிக்கப்பட்டது. அதனால் "தாத்தா இதைத்தானே குடித்தார்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தண்ணீர் மாறினால் அதே பைப் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

கும்பகோணம் பேரன்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். முதல் பாட்டில் 0.023, இரண்டாவது 0.006. சொம்பு 410 கிராம், வழிந்த தண்ணீர் 50 மில்லி. வகுத்தால் 8.2. மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று குழந்தை மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன். அம்மா ரசத்தை எவர்சில்வருக்கு மாற்றிவிட்டார், மணமே இல்லை என்று தினமும் புலம்பல். நாளை பைப் மாற்ற ஆள் வருகிறார், ஈயத் துண்டும் பித்தளைக் குழாயும் சேர்ந்து போகின்றன.

மன்னார்குடி டீச்சர்:
8.2 என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காரீயம். அதைப் பரணில்கூட வைக்காதீர்கள், யாராவது எடுத்துவிடுவார்கள். எனக்குப் பைப்பைவிட அந்தச் சொம்புதான் கவலையாக இருந்தது.

பழைய பிளம்பர்:
வாசலுக்கு வெளியே மிச்சம் ஈயம் இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் மாநகராட்சியில் எழுதிக் கொடுத்துச் சேர்த்தே மாற்றுங்கள். பாதியை மட்டும் வெட்டினால் அந்த அதிர்வில் துகள் உதிர்ந்து சில வாரங்களுக்கு அளவு கூடும். மாற்றிய அன்று அரை மணி நேரம் தண்ணீரை ஓடவிடுங்கள். குழாய் வாயில் வலை இருந்தால் கழற்றிக் கழுவுங்கள், துகள் அதில்தான் தங்கும். ஒரு மாதம் கழித்து இன்னொரு பாட்டில் கொடுத்துப் பாருங்கள், அதுவரை பாப்பாவுக்கு ஆர்.ஓ. தொடரட்டும்.