அடுத்தவர் வீட்டுப் பிளக்கில் நம் கார்: உங்கள் அனுபவம் என்ன?

விழுப்புரத்திலிருந்து:

எங்கள் வீடு சென்னை–திருச்சி நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக மின்சாரக் கார் வாங்க வாங்க, "போற வழியில ஒரு எட்டு பார்த்துட்டுப் போறோம்" என்று வருகிறவர்களும் அதிகமாகிவிட்டார்கள். வரட்டும், அதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். எங்களிடமும் ஒரு நெக்ஸான் மின்சாரக் கார் இருக்கிறது, நாங்களும் போன இடத்தில் சார்ஜ் போடுகிறவர்கள்தான். இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

வீடு தேடி வந்தவரிடம் கரண்ட் தர முடியாது என்று நம் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பயப்படுவார்கள். ஆகவே, கேட்கிறவர்தான் யோசித்துக் கேட்க வேண்டும். "இன்னைக்கு வேண்டாமே" என்று அவர் சங்கடப்படாமல் சொல்ல வழி இருக்க வேண்டும். பேட்டரி 8 சதவீதத்தில் நிற்கும்போது வாசலில் வந்து கேட்டால் அவருக்கு வேறு வழி ஏது?

என் பெரியப்பா மகன் கேட்ட விதத்தை எல்லோருக்கும் சொல்வேன். கிளம்புவதற்கு முந்தின நாளே போன் செய்தார். "தம்பி, வெளியில பதினஞ்சு ஆம்ப்ஸ் பிளக் இருக்கா? ராத்திரி பத்து மணிக்கு மேல போட்டுக்கட்டுமா? இந்தத் தடவை ரீடிங் எவ்வளவு ஓடியிருக்கு, பாத்துச் சொல்லேன். ஐநூறத் தாண்டிரும்னா வேணாம், நான் வழியிலயே ஃபாஸ்ட் சார்ஜர்ல போட்டுக்கறேன்" என்றார்.

கடைசியாகக் கேட்டாரே, அந்தக் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே மாறிவிடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய், 510 ஓடினால் 2,030. வெறும் 10 யூனிட் கூடியதற்கு 305 ரூபாய். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய் என்று இருந்த சலுகை போய் அதுவும் 4.50 ஆகிவிடுகிறது, 500க்கு மேலே 600 வரை ஓடுவது ஒவ்வொன்றும் 8 ரூபாய். அதற்குப் பிறகு கட்டணம் மாறியிருக்கிறது, ரூபாய்க் கணக்கு இன்று வேறாக இருக்கும். 30 யூனிட் பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 90க்கு ஏற்றினால், வீணாகிறதையும் சேர்த்து மீட்டரில் 23, 24 யூனிட் ஓடிவிடும். கோடையில் ஏசி ஓடுகிற வீடு 490இல் நிற்கிறது என்றால், நாம் ஒரு ராத்திரி தங்கியதில் அந்தக் கட்டணப்படி அவர்கள் பில் கிட்டத்தட்ட நானூறு ரூபாய் ஏறும். நாம் ஊர் போய்ச் சேர்ந்து பல நாள் கழித்துத்தான் அது அவர்களுக்கே தெரியவரும்.

அந்த அண்ணன் ராத்திரி பத்து மணிக்குப் போட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் எழுந்து வந்து கேபிளைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டார். "அம்மா வாசல் தெளிப்பாங்கல்ல, கேபிள் தரையில கெடக்கக்கூடாது" என்றார். வண்டியையும் தள்ளி நிறுத்தினார். அம்மா வழக்கம்போலக் கோலம் போட்டார்கள். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

இன்னொரு உறவினர் வந்தது நேர் எதிர். நாங்கள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் சமையலறை ஜன்னல் வழியாகக் கேபிளை உள்ளே விட்டு, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காரைச் சொருகியிருக்கிறார். போகும்போது ஃபிரிட்ஜைத் திரும்பப் போடவும் இல்லை. மே மாத வெயில். மறுநாள் கதவைத் திறந்தால் மாவு பொங்கித் தட்டெல்லாம் வழிந்து கிடந்தது, பாலும் திரிந்துவிட்டது. என் மனைவி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் சித்தி தனியாக இருக்கிறார். இரண்டு லைட், ஒரு ஃபேன், டிவி. 100 யூனிட்டுக்குள் முடிந்துவிடும், பில் பூஜ்யம். அங்கே போய் சார்ஜ் போட்டால் அதே கட்டணப்படி ஐம்பது ரூபாய் சொச்சம்தான் வரும், பெரிய தொகை இல்லை. ஆனால் "எனக்கு பில்லே வராது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவருக்கு நம்மால் பில் வருவானேன்? தஞ்சாவூரிலேயே ஏற்றிக்கொண்டுதான் போகிறோம். ஒருமுறை மழையில் மாட்டிக்கொண்டு அவர் வீட்டிலேயே போட வேண்டியதாகிவிட்டது. காசு நீட்டினால் "சித்தி வீட்டுல கணக்குப் பாக்கறியாடா" என்று கோபித்துக்கொள்வார். அதனால் மின் அட்டையிலிருந்த சர்வீஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு வந்து, பில் வந்ததும் நானே ஆன்லைனில் கட்டிவிட்டேன். பெரியவர்கள் வீட்டுக்கு இது நல்ல வழி.

திருநெல்வேலியிலிருந்து:

காசை விட எனக்கு எர்த்துதான் பெரிய விஷயமாகப் படுகிறது. மனைவியின் ஊரில் மச்சான் வீடு, தாத்தா காலத்துக் கட்டடம். போர்ட்டபிள் சார்ஜரைச் சொருகியதும் சிவப்பு லைட். எர்த் கிடைக்கவில்லை என்று அர்த்தம். மச்சானுக்கு மனசு கேட்கவில்லை, தெருவிலிருக்கிற எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் பார்த்துவிட்டு, "நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள்ளயே சேத்து விட்டுருதேன் சார், பச்சை லைட் வந்துரும்" என்றார்.

வரும்தான். ஆனால் வழியில் எங்காவது நியூட்ரல் கம்பி விட்டுப்போனால் காரின் பாடியிலேயே கரண்ட் ஏறும். முற்றத்தில் குழந்தைகள் அந்தக் காரைச் சுற்றித்தான் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் கொல்லைப் பக்கம் போய் எர்த் குழியைத் தேடினோம். மேலே தேங்காய் மட்டையைக் குவித்து வைத்திருந்தார்கள். அதையெல்லாம் அள்ளிவிட்டுப் பார்த்தால் குழி காய்ந்து வெடித்துக் கிடக்கிறது, கம்பியைப் பிடித்த போல்ட்டிலும் துரு. துருவைச் சுரண்டி முறுக்கி, நாலைந்து வாளி தண்ணீர் விட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து சொருகினோம். பச்சை வந்துவிட்டது. அத்தனை நாளும் அந்த வீட்டில் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் எர்த் இல்லாமல்தான் ஓடியிருக்கின்றன. அடுத்த வாரமே மச்சான் உப்பும் கரியும் போட்டுக் குழியைப் புதிதாக எடுத்துவிட்டார்.

சிவப்பு வந்தால் அந்த வீட்டில் போடக்கூடாது, அவ்வளவுதான். எவ்வளவு வற்புறுத்தினாலும் சரி. ஐந்து ஆம்ப்ஸ் பிளக்கில் கன்வெர்ட்டர் மாட்டுவது, கடையில் வாங்கின எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுவது, இரண்டும் கூடவே கூடாது. எட்டு மணி நேரம் விடாமல் 3 கிலோவாட் இழுக்கிறது. அயர்ன் பாக்ஸ் பத்து நிமிஷம் ஓடுவதும் இதுவும் ஒன்றல்ல. இன்வெர்ட்டர் லைனில் இருக்கிற பிளக்கா என்பதையும் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அப்படி என்றால் அதில் வேண்டாம்.

கோவையிலிருந்து:

அபார்ட்மெண்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. கீழே பார்க்கிங்கில் தூணில் ஒரு பிளக் இருக்கும், அது பெரும்பாலும் பொது மீட்டர். அதில் போட்டால் செலவு நாம் பார்க்கப் போன நண்பரோடு நிற்காது, அத்தனை வீட்டுக்கும் பங்கு போகும். எங்கள் குடியிருப்பில் ஒரு விருந்தாளி தொடர்ந்து இப்படிப் போட்டு, கூட்டத்தில் பேச்சாகி, நண்பர் எல்லோர் முன்னாலும் தலைகுனிய வேண்டியதாகிவிட்டது. இப்போது வாட்ச்மேனிடம் நோட்டு இருக்கிறது. யூனிட்டை எழுதி, சங்கத்துக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் கட்டிவிட வேண்டும்.

சென்னையிலிருந்து:

வாடகை வீட்டுக்காரனாக ஒன்று சொல்கிறேன். எங்களுக்கு சப் மீட்டர், யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை ஹவுஸ் ஓனர்தான் முடிவு செய்வார். ஊரிலிருந்து மாமா கார் போட்ட மறுநாளே ஓனர் மாடியிலிருந்து இறங்கி வந்து, "வயரிங் தாங்குமா தம்பி, இனிமே வேணாமே" என்றார். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது, வீடு பழசு. மாமாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான்தான் ராத்திரியெல்லாம் தவித்தேன். விழுப்புரம் அண்ணன் எழுதிய மாதிரி முதலிலேயே போன் செய்திருந்தால் ஓனரை ஒரு வார்த்தை கேட்டு வைத்திருப்பேன். வாடகை வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் "உங்க ஓனர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா" என்பதையும் சேர்த்தே கேளுங்கள். இப்போது மாமா வருவதற்கு முன்னால் பக்கத்தில் எந்த சார்ஜர் காலியாக இருக்கிறது என்று நானே ஆப்பில் பார்த்து அவருக்கு அனுப்பிவிடுகிறேன். அங்கே போட்டுவிட்டு நேராகச் சாப்பாட்டுக்கு வருகிறார்.